வருஷத்துக்கு இரண்டு வாரம் போதுமா?

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 41 வயது. புதுக்கோட்டைப் பக்கம். கணவர் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். 16 வருஷமாக அங்கேதான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வந்து போவார். காலேஜ் படிக்கும் மகள் 'கிராஷ் லாண்டிங் ஆன் யூ' என்ற கொரிய சீரியலை எனக்குப் போட்டுக் காட்டினாள். முழுதாகப் பார்த்து முடித்து, இப்போது மறுபடி முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஜோடி கடைசியில் வருஷத்துக்கு இரண்டு வாரம் மட்டும் சுவிட்சர்லாந்தில் சந்திப்பதாக முடிக்கிறார்கள். மகள் அதைச் சந்தோஷமான முடிவு என்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது. ராத்திரி உட்கார்ந்து அழுதேன். போனில் கணவரிடம் சொன்னால், "சீரியல் பார்த்து அழறியா?" என்று சிரிக்கிறார். இதில் ஆழமான அர்த்தம் இருக்கிறது என்று மகள் சொல்கிறாள். அப்படி என்ன அர்த்தம்? அதைப் பார்த்து நான் ஏன் இப்படி ஆகிறேன்? அந்தக் கேப்டன் மாதிரி ஓர் ஆண் நிஜத்தில் உண்டா? இன்னொன்று, மகள் கொரிய மொழி படிக்கிறேன் என்கிறாள். விடலாமா?

பெயர் வேண்டாம், புதுக்கோட்டை மாவட்டம்

அன்புத் தங்கைக்கு,

ஒரே கடிதத்தில் நாலு கேள்வி. கடைசிக் கேள்விக்குத்தான் பதில் சுலபம், அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

இந்தத் தொடரைப் பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 டிசம்பரிலிருந்து 2020 பிப்ரவரி வரை தென்கொரியாவின் டிவிஎன் சேனலில் 16 பகுதிகளாக வந்தது. எழுதியவர் பார்க் ஜி-யூன் என்ற பெண் எழுத்தாளர். சியோலின் பெரிய பணக்காரக் குடும்பத்துப் பெண் யூன் சே-ரி. பாராகிளைடிங் போன இடத்தில் சூறாவளியில் சிக்கி, எல்லையைத் தாண்டி வடகொரியப் பக்கம் ஒரு மரத்தில் தொங்குகிறாள். கீழே துப்பாக்கியோடு நிற்கிறார் கேப்டன் ரி ஜங்-ஹ்யோக். அவளைத் தன் கிராமத்து வீட்டில் ஒளித்துவைத்து, எப்படியாவது ஊருக்கு அனுப்பிவிடப் பார்க்கிறார். அனுப்புவதற்குள் இருவருக்கும் மனசு போய்விடுகிறது.

இதன் 'தத்துவம்' என்று இணையத்தில் சுற்றுகிற வரி ஒன்று உண்டு: தப்பான ரயில்கூடச் சில நேரம் சரியான ஊரில் கொண்டு போய் விடும். இது இந்தியப் பழமொழி என்று சே-ரி சொல்கிறாள். நம்மில் யாராவது கேள்விப்பட்டிருக்கிறோமா? 2013இல் வந்த ஓர் இந்திப் படத்தின் வசனம் அது. கொரியாவுக்குப் போவதற்குள் பழமொழியாகிவிட்டது. போகட்டும், நல்ல வரிதான். ஆனால் உங்கள் மகள் சொல்லும் ஆழம் அந்த வரியில் இல்லை. "காதலுக்கு எல்லை கிடையாது" என்று பலர் எழுதுகிறார்களே, அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எல்லை இருக்கிறது, காதலால் அதை ஓர் அங்குலம்கூட நகர்த்த முடியவில்லை என்பதைத்தான் இந்தத் தொடர் 16 பகுதியாகச் சொல்கிறது.

ஒன்பதாம் எபிசோடின் கடைசிக் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். ராத்திரி காட்டுக்குள் நடந்து, அவளை எல்லைக்கோடு வரை கொண்டு வந்து விடுகிறார். இதற்கு மேல் ஓர் அடிகூட என்னால் வர முடியாது என்கிறார். அவள் கோட்டைத் தாண்டி நடக்கிறாள். சும்மா நின்றிருந்தவர் திடீரென்று ஓர் எட்டு எடுத்துவைத்துத் தாண்டி அவளைப் பிடித்துத் திருப்புகிறார். ஓர் அடி வைத்தால் பரவாயில்லை என்று முத்தமிடுகிறார். நானும் அந்த இடத்தில் அழுதவள்தான். ஆனால் அந்த அடியை எண்ணிப் பாருங்கள். நம்ம ஊர்க் கதாநாயகன் என்றால் இந்நேரம் பத்துப் பேரை அடித்துப் போட்டுவிட்டு மறுபக்கம் போய்ப் பாட்டுப் பாடியிருப்பான். இவருக்குக் கிடைத்தது ஒரே ஓர் அடி. அப்புறம் கதைக்காக சியோலுக்கும் வருகிறார், உண்மைதான். வந்தவரையும் கடைசியில் அதே கோட்டுக்குத்தான் திருப்பி அனுப்புகிறார்கள். இரண்டு பக்கத்துத் துப்பாக்கிகளுக்கும் நடுவில் ஓடி வந்து ஒருமுறை கட்டிப்பிடிக்க முடிகிறது, அவ்வளவுதான்.

அந்தக் கோடு கதைக்காகப் போட்டதில்லை. 1945இல் ஜப்பான் தோற்றதும் வடக்கை சோவியத்தும் தெற்கை அமெரிக்காவும் பிரித்துக்கொண்டன. 1950இல் போர் மூண்டது. 1953 ஜூலை 27இல் சண்டை நிறுத்தத்துக்கு மட்டும் கையெழுத்துப் போட்டார்கள். சமாதான உடன்படிக்கை இன்றுவரை கிடையாது. தீபகற்பத்தின் குறுக்கே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளம், 4 கிலோமீட்டர் அகலத்துக்கு ஆளில்லாத ஒரு பட்டை. ஆள் போக முடியாது என்பதோடு நிற்கவில்லை. கடிதம் போகாது. போன் பேச முடியாது. தெற்கில் இருப்பவர் அரசுக்குத் தெரிவிக்காமல் வடக்கில் இருப்பவரோடு தொடர்பு வைத்தாலே சட்டமீறல். வடக்கில் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

போரில் கணவன் ஒருபக்கம், மனைவி ஒருபக்கம், பிள்ளை ஒருபக்கம் என்று சிதறிப்போனவர்கள் லட்சக்கணக்கில். 1983இல் கேபிஎஸ் தொலைக்காட்சி, தெற்கிலேயே ஒருவர் இருப்பது ஒருவருக்குத் தெரியாமல் வாழ்ந்த குடும்பங்களைச் சேர்த்துவைக்க ஒரு நேரலை நடத்தியது. கொஞ்ச நேர நிகழ்ச்சியாகத் தொடங்கியது, கூட்டம் கூடிக்கூடி 138 நாள் ஓடியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். பெயரும் ஊரும் எழுதிய அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஜனங்கள் சேனல் வாசலிலேயே கிடந்தார்கள். அந்த ஒளிப்பதிவுகளை 2015இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது.

வடக்கில் மாட்டிக்கொண்ட உறவுகளைப் பார்க்க வழி இன்னும் குறுகல். தெற்கில் 1,30,000 பேருக்கு மேல் பதிவு செய்து காத்திருந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் இறந்தே போனார்கள். இரண்டு அரசுகளுக்கும் மனசு வந்தபோது, குலுக்கல் போட்டு, நூறு குடும்பம்போல எடுத்து வடக்கில் இருக்கிற கும்காங் மலைக்கு பஸ்ஸில் கூட்டிப் போவார்கள். கடைசியாக நடந்தது 2018 ஆகஸ்டில். மூன்று நாள் அங்கே இருந்தாலும் சேர்ந்து உட்கார்ந்து பேசக் கொடுத்த நேரம் மொத்தம் பன்னிரண்டு மணி நேரத்துக்குள்தான். அறுபத்தைந்து வருஷம் கழித்துப் பார்க்கிற மகனோடு ஒரு வேளைச் சோறு, ஒரு போட்டோ, அப்புறம் பஸ் கண்ணாடிக்கு வெளியே ஒரு கை, உள்ளே ஒரு கை. அதன் பிறகு மறுபடி பார்க்க வாய்ப்பில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சே-ரிக்கும் கேப்டனுக்கும் எழுத்தாளர் கொடுத்த அந்த இரண்டு வாரத்தை இப்போது யோசியுங்கள். அந்தக் குலுக்கலில் பெயர் வராமலே எண்பது வயதைத் தொட்ட ஒரு கொரியப் பாட்டி இதைப் பார்த்தால், இரண்டு வாரமா, அதுவும் வருஷாவருஷமா என்று வாயைப் பிளப்பாள். உங்கள் மகள் சந்தோஷ முடிவு என்றதில் தப்பில்லை.

அந்தச் சந்தோஷம்கூட எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதையும் தொடர் மறைக்கவில்லை. கேப்டனின் அப்பா ராணுவத்தின் அரசியல் தலைமையில் இருக்கிற பெரும்புள்ளி. அதனால்தான் மகன் ராணுவத்தை விட்டுத் தேசிய இசைக்குழுவில் பியானோ வாசிப்பவராக வெளிநாடு போக முடிகிறது. அவளிடம் கோடிக்கணக்கில் பணம் இருக்கிறது, அதனால்தான் அறக்கட்டளை தொடங்கி சுவிட்சர்லாந்தில் கச்சேரி நடத்த முடிகிறது. அவர்கூடவே இருந்த நாலு சிப்பாய்களும் சியோலுக்கு வந்து அவளோடு சிரித்து விளையாடியவர்கள். அவர்களுக்கு சுவிட்சர்லாந்து உண்டா? கேப்டனுக்கு நிச்சயித்த பெண் சோ டான் இருக்கிறாளே, அவளுக்கு எழுத்தாளர் செய்தது அநியாயம் என்று இன்றைக்கும் சொல்வேன். அவள் நேசிக்கத் தொடங்கிய ஒரே ஆளையும் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அவளுக்கு சுவிட்சர்லாந்து ஏரிக்கரையும் இல்லை, இரண்டு வாரமும் இல்லை. கேப்டனாக நடித்த ஹ்யுன் பின்னும் சே-ரியாக நடித்த சோன் யே-ஜினும் 2022 மார்ச்சில் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று ரசிகர்கள் ஆறுதல்பட்டுக்கொள்கிறார்கள். நல்ல செய்திதான், கதைக்கு அது தொடர்பில்லை.

என்னைக் கேட்டால் இந்தத் தொடரின் உயிர் காதல் காட்சிகளில் இல்லை. அந்தக் கிராமத்துப் பெண்களிடம் இருக்கிறது. கூட்டமாக உட்கார்ந்து கிம்ச்சி என்கிற கொரிய ஊறுகாய்க்கு மசாலா தடவுவதும், கரண்ட் போனதும் அலட்டிக்கொள்ளாமல் வேலையைப் பார்ப்பதும், ஓடும் ரயிலே மின்சாரம் இல்லாமல் வெட்டவெளியில் நிற்பதும், ராத்திரியில் திடீர்ச் சோதனை வந்தால் வீடே நடுங்குவதும். எழுத்துக் குழுவில் வடகொரியாவிலிருந்து தப்பி வந்த குவாக் மூன்-வான் என்பவர் இருந்தார், அதனால் இந்தச் சின்ன விஷயங்களில் நிஜத்தின் வாசனை இருக்கிறது. ஒட்டுக்கேட்பதையே உத்தியோகமாகப் பார்க்கும் மான்-போக்கை நினைத்துப் பாருங்கள். தனக்கு நல்லது செய்த மனிதனையே ஒட்டுக்கேட்டுக் காட்டிக்கொடுக்க வைத்துவிட்டார்கள். பிள்ளைகுட்டி இருக்கிறவன், முடியாது என்று சொல்ல வழியில்லை. அவன் முகத்தைக் காட்டும்போதெல்லாம் எனக்கு நாயகன் நாயகி ஞாபகமே வருவதில்லை.

தெற்கில் பிறந்து, அந்தப் பக்கம் இருப்பவன் எதிரி என்றே கேட்டு வளர்ந்த ஒருவருக்கு இது எப்படி இருந்திருக்கும்? ஒரு சின்ன அரசியல் கட்சி, தேசப் பாதுகாப்புச் சட்டத்தை மீறி வடக்கை அழகாகக் காட்டுகிறார்கள் என்று போலீஸில் புகாரே கொடுத்தது. அழகாகக் காட்டியிருக்கிறார்கள் என்ற குறையில் கொஞ்சம் நியாயமும் உண்டு. சிறை முகாம்களின் கொடுமை இதில் பேச்சளவுக்குத்தான் வருகிறது. அந்தப் பக்கம் என்ன நிலைமை தெரியுமா? காவல் வேலையின்போது தெற்கத்தி சீரியல் பார்த்து மாட்டிக்கொள்ளும் ஜு-மோக்கைப் பார்த்து நாம் விழுந்து விழுந்து சிரித்தோமே, இந்தத் தொடர் முடிந்த அதே வருஷம், 2020 டிசம்பரில் வடகொரியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. தெற்கின் படமோ தொடரோ பார்த்தாலே பல வருஷம் கட்டாய உழைப்பு முகாம். 2024 அக்டோபரில் இரண்டு நாடுகளையும் இணைத்த சாலைகளையும் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். எல்லையில் இருவரும் கடைசியாகப் பிரிவதைப் படமாக்கினார்களே, அந்த மாதிரிச் சாலைகள்தான்.

சரி, கேப்டனுக்கு வருவோம். அப்படி ஓர் ஆள் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பெண் ஒருத்தி, பெண்களுக்காக உட்கார்ந்து எழுதிய ஆள் அவர். ஆனால் அவர் செய்வதையெல்லாம் வரிசையாக எடுத்துப் பாருங்கள். அவளுக்காக மாவு பிசைந்து நூடுல்ஸ் செய்கிறார். காபி இல்லாமல் தவிக்கிறாள் என்று சந்தையிலிருந்து பச்சைக் கொட்டை வாங்கி வந்து, அடுப்பில் வறுத்து, இடித்துக் காபி போட்டுத் தருகிறார். தூக்கம் வர வாசனை மெழுகுவர்த்தி வேண்டும் என்று அவள் கேட்டபோது, விஷயம் புரியாமல் கரண்ட் போனால் ஏற்றுகிற சாதா மெழுகுவர்த்தியை வாங்கி வந்து கொடுத்தவர்தான். அப்புறம் ஒருநாள் இருட்டிய சந்தையில் அவள் வழி தெரியாமல் பயந்து நிற்கும்போது, கூட்டத்துக்கு நடுவே தலைக்கு மேல் ஒரு மெழுகுவர்த்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இந்த முறை வாசனை உள்ளது, சரிதானே என்று கேட்கிறார். கூகுள் இல்லாத ஊர். யாரிடமோ விசாரித்து, தேடி, அலைந்து வாங்கியிருக்கிறார். அவள் சொன்னதை மறக்கவில்லை என்பதுதான் அந்தக் காட்சியில் நம்மை அழவைப்பது.

இதில் எதற்காவது ஹ்யுன் பின்னின் முகம் வேண்டுமா? ஏ.சி. மெக்கானிக்குக்குக் காபி போடத் தெரியாதா? அப்படி ஓர் ஆள் கிடையாது, அவர் செய்கிற ஒவ்வொரு வேலையையும் செய்யக்கூடிய ஆண்கள் ஏராளம். கேட்டால் செய்வார்கள். சிலபேர் கேட்டால்தான் செய்வார்கள்.

நீங்கள் ஏன் அழுகிறீர்கள் என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது. இரண்டு வருஷத்துக்கு நாற்பது நாள். கணக்குப் போட்டால் வருஷத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை. அந்த ஜோடியைவிட ஆறு நாள் கூட, அவ்வளவுதான். 16 வருஷமாக நீங்கள் சத்தமில்லாமல் வாழ்ந்ததை, பியானோ இசையோடு, ஏரிக்கரையோடு, அழகான இரண்டு பேரை வைத்து எடுத்து, இதுதான் காதல் என்று சொல்லிவிட்டார்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்? உங்கள் வாழ்க்கைக்கு யாரும் பின்னணி இசை போடவில்லை. காய்ச்சல், மாமியாருக்கு ஆஸ்பத்திரி, மகளுக்கு ஃபீஸ் எல்லாவற்றையும் தனியாகப் பார்த்திருப்பீர்கள். சே-ரி வருஷம் முழுக்கத் தனியாக என்ன செய்தாள் என்பதைத் தொடர் இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுகிறது. அந்தப் பகுதியை வாழ்ந்தவர் நீங்கள்.

ஆனால் தங்கை, ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். அவர்கள் கோட்டை இரண்டு ராணுவங்கள் காவல் காக்கின்றன. உங்கள் கோட்டைப் போட்டது கடன், வீடு, நகை, படிப்புச் செலவு. கேப்டன் ரி நினைத்தாலும் சியோலில் குடியேற முடியாது. உங்கள் வீட்டுக்காரர் நினைத்தால் திருச்சியில் வந்து இறங்கலாம். 16 வருஷத்தில் நீங்கள் இருவரும் உட்கார்ந்து, "எந்த வருஷத்தோடு இது முடியும்?" என்று ஒருமுறையாவது பேசியிருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வளைகுடாவுக்குப் போன எத்தனையோ குடும்பங்களில் "வீடு கட்டி முடிந்ததும்" என்று தொடங்கி, "மகள் கல்யாணம் முடிந்ததும்" என்று தள்ளிக்கொண்டே போகிறார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு நாளில், எப்ப வர்றீங்க என்று கேட்க வேண்டாம். ஒரு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு பேசுங்கள். இன்னும் என்ன கடன் பாக்கி, மகள் படிப்பு முடிய எவ்வளவு ஆகும், கையில் எவ்வளவு இருந்தால் அவர் தைரியமாகக் கிளம்புவார். மூன்றையும் எழுதினால் ஒரு வருஷம் தெரியும். 2028 என்றாலும் சரி, 2030 என்றாலும் சரி, ஒரு வருஷம். இங்கே வந்து என்ன செய்வது என்ற பயம் அவருக்கு இருக்கும். நம்மூர் வெயிலில் ஏ.சி. மெக்கானிக்குக்கு வேலை இல்லாமல் போகுமா? குவைத் சம்பளம் வராது, அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் எழுதிப் பார்த்த பிறகு, இல்லை, இன்னும் கொஞ்ச காலம் இருக்கட்டும் என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்தால் அதுவும் முடிவுதான். இதுவரை முடிவே எடுக்காமல் காலம் ஓடியிருக்கிறது.

அவர் சிரித்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே அறையில் நாலைந்து பேரோடு படுத்திருப்பவர், மனைவி அழுவதைக் கேட்டால் போனில் வேறென்ன செய்வார் என்று எனக்குத் தோன்றியது. அதற்காகச் சிரித்தது சரி என்றும் சொல்லமாட்டேன். "நீங்க சிரிச்சது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். 16 எபிசோடையும் பார்க்கச் சொல்லி அவரை வதைக்காதீர்கள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல். அந்த ஒன்பதாம் எபிசோடின் கடைசிப் பத்து நிமிஷத்தை மட்டும் அனுப்புங்கள். கேப்டன் பிரிவதற்கு முன்பே ஒரு வருஷத்துக்கான குறுஞ்செய்திகளை எழுதிவைத்து, அவள் போனுக்கு ஒவ்வொன்றாக வரும்படி செய்கிறாரே, அந்த இடத்தையும் அனுப்பலாம். அதைப் பார்த்துவிட்டு வாரத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜாவது பணத்தைப் பற்றி இல்லாமல் வந்தால் லாபம்தானே.

கொரிய மொழிக்கு வருகிறேன். தாராளமாகப் படிக்கட்டும். சென்னையில் இன்கோ சென்டரில் கொரிய வகுப்பு நடக்கிறது, கட்டணமும் நேரமும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஹூண்டாயும் அதைச் சுற்றிக் கொரியக் கம்பெனிகளும் இருக்கின்றன, மொழி தெரிந்தவர்களுக்கு அங்கே வேலை உண்டு. ஒரே நிபந்தனை, இப்போது படிக்கிற டிகிரியை முடிக்க வேண்டும். சீரியல் பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்று வகுப்பில் போய்ச் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். கேப்டன் ரி பேசுவது வடக்கத்திப் பேச்சு, சென்னைக் கொரியக் கம்பெனியில் அப்படிப் பேசினால் மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்.